கைக்குள் இருந்த ஆரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. முப்பத்தொரு வயதில் ரோடு போடும் என்ஜினியரை இன்னும் பாப்பா என்று கூப்பிடலாமா என்று உன் அம்மா கேட்கிறாள், உறையின் மேல் உன் முழுப் பெயரை மரியாதையாக எழுதிவிடுகிறேன், உள்ளே என் இஷ்டம். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் முக்கால்வாசி நலம் என்று எழுதுவதுதான் நியாயம். மீதிக் கால்வாசியைப் பற்றித்தான் இந்தக் கடிதம். பதறாதே, முதலிலேயே சொல்லிவிடுகிறேன், எல்லாம் நடந்து முடிந்து நான்கு மாதம் ஆகிறது, அம்மா இப்போது அடுத்த அறையில் மிஷினில் உட்கார்ந்து தைத்துக்கொண்டிருக்கிறாள், சத்தம் இங்கே கேட்கிறது. உன் தொண்டை வலி விட்டதா? சைட்டில் நிற்கும்போது வாயில் துணி கட்டிக்கொள் என்றால் நீ கேட்கமாட்டாய், இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

நான்கு மாதத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அம்மா விழுந்துவிட்டாள். நான் பட்டறையில் இருந்தேன். அவளுடைய பேப்பர் பேட்டர்ன் எல்லாம் அலமாரியின் மேல்தட்டில் கிடக்கும் அல்லவா, அதை எடுக்க நாற்காலியில் ஏறியிருக்கிறாள். எந்த நாற்காலி என்று கேள். இடுப்பு வலிக்காமல் உட்கார்ந்து தைக்கட்டும் என்று நான் ஆபீஸ் சாமான் விற்கிற கடையில் தேடிப் பிடித்து வாங்கிவந்த சக்கரம் வைத்த நாற்காலி. அதை உருளத்தானே செய்திருக்கிறார்கள், உருண்டுவிட்டது. அந்த மேல்தட்டை இறக்கி மாட்டிக்கொடுங்கள் என்று மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள், இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று நான் தள்ளிக்கொண்டே வந்தேன். இதை யாரும் என்னிடம் குத்திக் காட்டவில்லை, அம்மா ஒரு வார்த்தை சொல்லவில்லை, அதனால்தான் நானே எழுதிவிடுகிறேன். விழும்போது வலது கையை ஊன்றியிருக்கிறாள். இடது கையால் எனக்குப் போன் செய்து, வேலை முடிஞ்சா கொஞ்சம் சீக்கிரம் வர முடியுமாங்க என்று கேட்டாள், ஏதோ ஊசி நூல் வாங்கிவரச் சொல்கிற மாதிரி. அந்தக் குரலிலேயே எனக்கு விஷயம் சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மணிக்கட்டு முள்கரண்டியைக் கவிழ்த்து வைத்த மாதிரி வளைந்திருந்தது. டாக்சி ஆப்பில் கூப்பிட்டேன், ஐந்து கிலோமீட்டர் ரேடியஸுக்குள் வண்டி எதுவும் இல்லை என்று காட்டிக்கொண்டே இருந்தது. கீழ் வீட்டு பேக்கரிக்காரர் ரொட்டி கொண்டுபோகிற வேனை எடுத்துவந்தார். நம் சந்தில் அந்த வேனைத் திருப்ப முன்னும் பின்னுமாக நாலு தடவை முயற்சி பண்ணினார். அம்மா வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தவள், ஐந்தாவது தடவை ஜன்னலுக்கு வெளியே ஒரு பார்வை பார்த்துவிட்டு, இந்த நீளத்துக்கு இந்தச் சந்துல திரும்பாது தம்பி, அளவு பத்தாது, ரிவர்ஸ்லயே போயிடுங்க என்றாள். துணி பத்துமா பத்தாதா என்று கண்ணாலேயே சொல்கிறவள் ஆயிற்றே. அவரும் மறுபேச்சு இல்லாமல் ரிவர்ஸிலேயே மெயின் ரோடு வரை போனார். ஆஸ்பத்திரி போய்ச் சேரும்வரை வேனில் ரொட்டி வாசனை.

எலும்பு டாக்டர் சின்ன வயசுப் பெண், உன்னைவிட இரண்டு மூன்று வயது பெரியவளாக இருக்கலாம். எக்ஸ்ரேயை விளக்கில் மாட்டிப் பார்த்துவிட்டு, ரேடியஸ் உடைஞ்சிருக்கு என்றாள். எனக்கு ரேடியஸ் என்றால் என்ன, முப்பத்தைந்து வருஷமாக லேத்தில் நிற்கிறவன், சுழல்கிற ஷாஃப்ட் தண்டில் பெரிய விட்டமும் சின்ன விட்டமும் சேர்கிற மூலையைக் கூர்மையாக விடக்கூடாது, உருட்டி விடவேண்டும், அந்த உருட்டுக்குப் பெயர்தான் எங்களுக்கு ரேடியஸ். அது இல்லாவிட்டால் அந்த மூலையில்தான் முதல் விரிசல் விழும். அதனால் நான் வாய் தவறி, எத்தனை மில்லி ரேடியஸ் டாக்டர் என்று கேட்டுவிட்டேன். அந்தப் பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எத்தனை மில்லியா, அந்த எலும்போட பேரே ரேடியஸ்தாங்க என்றாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, தன் கையையே மேசை மேல் நீட்டி, முழங்கையை அசைக்காமல் உள்ளங்கையைக் கவிழ்த்தும் மல்லாத்தியும் காட்டினாள். முன்னங்கையில ரெண்டு எலும்பு இருக்கு, ஒண்ணு அப்படியே நிக்கும், கட்டை விரல் பக்கம் இருக்கிறது அதைச் சுத்தித் திரும்பும், சக்கரத்துல ஆரக்கால் இருக்குல்ல, பழைய லத்தீன் பாஷையில அதுக்கு ரேடியஸ்னு பேரு, அந்தப் பேரையே இந்த எலும்புக்கும் வச்சுட்டாங்க என்று சொன்னாள். எனக்கு அது பிடித்திருந்தது. இத்தனை வருஷமாகத் திரும்புகிற சாமானைத்தான் செய்துகொண்டிருக்கிறேன், என் கைக்குள்ளேயே ஒன்று திரும்பிக்கொண்டிருந்தது தெரியாது. அம்மா அந்த வலியிலும் விடவில்லை. ரேடியஸ்னா ஆரம்தானே, பள்ளிக்கூடத்துல படிச்சிருக்கேன், கல்யாணமாகி முப்பத்திமூணு வருஷமா இவரை ஒரு ஆரம் வாங்கித் தாங்கன்னு கேட்டுட்டு இருக்கேன் டாக்டர், கைக்குள்ளயே ஒண்ணு வச்சிருந்திருக்கேன், உடைஞ்சப்புறம்தான் தெரியுது என்றாள். டாக்டர் சிரித்துச் சிரித்துக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். நானும் சிரித்தேன், ஆனால் எனக்கு அது எங்கே போய்த் தைத்தது என்று அம்மாவுக்குத் தெரியும்.

சிரிப்பு அத்தோடு நின்றுவிட்டது. எலும்பு மூன்று துண்டாக உடைந்து பின்பக்கம் சாய்ந்திருக்கிறது, உள்ளே தகடு வைத்து ஸ்க்ரூ போட்டால்தான் சரியாகும் என்று டாக்டர் சொன்னாள். அம்மா ஒரேயடியாக முடியாது என்றுவிட்டாள். வெட்டுறது என் வேலை, என்னை யாரும் வெட்ட வேண்டாம், மாவுக்கட்டு போட்டு அனுப்புங்க என்றாள். டாக்டர் கோபப்படவில்லை. கட்டுப் போட்டாலும் கூடும்மா, ஆனா குட்டையா, கோணலாக் கூடும், கத்தரியைப் பிடிப்பீங்க, திருப்ப முடியாது என்றாள். அம்மா முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டாள். யோசிச்சுச் சொல்லுங்க, நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்கு என்று தற்காலிகமாக ஒரு கட்டுப் போட்டு வார்டில் படுக்க வைத்தார்கள்.

மறுநாள் காலையில்தான் நீ போன் செய்தாய். இனி நான் எழுதப்போவதைப் படித்துவிட்டு என்னைத் திட்டு, அம்மாவைத் திட்டாதே. முதல் நாளே அவள் என்னிடம் சத்தியம் வாங்கிவிட்டாள். நீ புது வேலையில் சேர்ந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை, ஆறு மாதம் முடிந்தால்தான் நிரந்தரம், சொன்னால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாய், அப்புறம் அந்த வேலை போச்சு என்றாள். நீ அப்படிச் செய்வாய் என்று எனக்கும் தெரியும். எனக்குப் பொய் சொல்ல வராது என்பது உனக்கும் தெரியும். ஒரு கையில் எக்ஸ்ரே கவர், அதனால் போனை ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். ஏன்ப்பா குரல் ஒரு மாதிரி இருக்கு என்று கேட்டாய். ஒரு ரேடியஸ்ல விரிசல் விட்டிருக்கும்மா, நேத்துலேர்ந்து அதோட அலைச்சல் என்றேன். ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. நீ பட்டறை வேலை என்று நினைத்துக்கொண்டாய், நினைக்கட்டும் என்றுதான் அப்படிச் சொன்னேன். புது பீஸா பழசா என்று கேட்டாய். பழசுதான், அம்பத்தஞ்சு வருஷம் ஆச்சு என்றேன். அம்பத்தஞ்சு வருஷத்துப் பீஸை ஏன்ப்பா கட்டிக்கிட்டு அழறீங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசா ஒண்ணு போட்டுக்கச் சொல்லுங்க என்றாய். ஞாபகம் இருக்கிறதா? அம்மா கட்டிலில் படுத்தபடி இடது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள், கட்டில் குலுங்கியது. அம்மா எங்கே என்று கேட்டதற்கு, பக்கத்துலதான், கைவேலையா இருக்கா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். பெத்த பொண்ணே என்னைத் தூக்கிப் போடச் சொல்லிட்டா, நீங்க ஏன் இன்னும் உட்கார்ந்திருக்கீங்க, போய்ப் புதுசா ஒண்ணைப் பாருங்க என்று சிரித்தாள், பக்கத்துக் கட்டில் அம்மாவிடமும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் அழ ஆரம்பித்தாள். அவள் அழுது எத்தனை வருஷம் ஆயிற்று என்று நான் யோசித்துப் பார்த்தேன், உன்னை விமானத்தில் ஏற்றிய அன்றுகூட அழவில்லை. எனக்குப் பயமா இருக்குங்க, இந்தக் கை போச்சுன்னா நான் யாரு என்று கேட்டாள்.

நேராக டாக்டரிடம் போனேன். அந்தத் தகட்டை நான் பார்க்கலாமா என்று கேட்டேன். யாரும் அப்படிக் கேட்டதில்லை போலிருக்கிறது, ஆனால் மேசை டிராயரிலிருந்து மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். என் கட்டை விரலைவிடக் கொஞ்சம் நீளம், ஒரு முனை விரிந்து கரண்டி மாதிரி இருந்தது. அதை ஜன்னல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தேன், ஓரம் முழுக்க நகத்தை ஓட்டிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை. ஓட்டை ஒவ்வொன்றின் வாயையும் உருட்டியிருந்தான், அகலமும் குறுகலும் சேர்கிற இடத்தில் ரேடியஸ் கொடுத்திருந்தான், செய்தவன் எவனோ தெரியாது, ஆனால் எங்கே விரிசல் விழும் என்று தெரிந்தவன். அதை அப்படியே வார்டுக்குக் கொண்டுபோய் அம்மாவின் இடது கையில் வைத்தேன். இதுல குறை சொல்ல எனக்கு ஒண்ணும் கிடைக்கலை என்றேன். என்னைத் தெரியுமே உனக்கு, ஹோட்டலில் ஸ்பூனைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்துக் குறை சொல்கிறவன். அம்மா தகட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைத்தான் பார்த்தாள். உங்களுக்கே குறை கிடைக்கலையா என்றாள். இல்லை என்றேன். அப்ப சரி, கையெழுத்துப் போடுங்க என்றாள்.

ஆபரேஷன் ஒன்றேகால் மணி நேரம். கையை மட்டும்தான் மரக்கச் செய்தார்கள், உள்ளே ஸ்க்ரூ முடுக்குகிற சத்தம் கேட்டது, உங்க பட்டறை மாதிரியே இருந்தது என்று வெளியே வந்ததும் சொன்னாள். இரண்டு வாரத்தில் தையல் பிரித்தார்கள், ஆறு வாரம் பட்டை கட்டியிருந்தது. நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் அம்மா முகம் மட்டும் தெரிந்ததற்கு அதுதான் காரணம், கேமரா கெட்டுப்போச்சு, கரெண்ட் இல்லை என்று நான் சொன்னதில் பாதி அந்தக் காலத்துக் கதை. அந்த ஆறு வாரமும் அவள் தலையை நான்தான் வாரினேன். முதல் நாள் சிக்கெடுத்ததில், இது தலைங்க, இரும்பு இல்லை என்றாள். இப்போது மூன்று கால் பின்னல் எனக்கு வரும், நீ வந்தால் காட்டுகிறேன்.

இன்னொரு கூத்தையும் சொல்லிவிடுகிறேன். விழுவதற்கு முன்னாலேயே ஒரு பள்ளிக்கூடத்து நடனத்துக்குப் பன்னிரண்டு வட்டப் பாவாடை வெட்டித் தருவதாக அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள், அம்ப்ரெல்லா கட் என்பாளே, அது. வாக்குத் தவற மாட்டேன், நான் சொல்றேன், நீங்க வெட்டுங்க என்றாள். துணியை நாலாக மடித்து, மடிப்பு மூலையிலிருந்து டேப்பைப் பிடித்துச் சாக்பீஸால் கால் வட்டம் போடவேண்டும், அதுதான் இடுப்பு. இடுப்பு எவ்வளவு என்றேன், இருபத்துநாலு அங்குலம் என்றாள், ஆறால வகுத்து அதுல ஒன்றரை நூல் கழிச்சுக்கோங்க என்றாள், அங்குலத்தில் எட்டில் ஒரு பங்குதான் ஒரு நூல். நான் பெரிய மேதாவி, ஆறு என்ன கணக்கு, முறையாகப் போடுவோம் என்று காகிதத்தில் மூணு புள்ளி ஒண்ணு நாலால் வகுத்தேன். லேத்காரனுக்கு எல்லாமே விட்டம்தான், பட்டறையில் யாரும் ஆரத்தில் பேசமாட்டோம், முப்பத்தைந்து வருஷப் பழக்கம், விட்டத்தைக் கொண்டுபோய் மூலையிலிருந்து அளந்துவிட்டேன். வெட்டி விரித்தால் இடுப்பு நாற்பத்தெட்டு அங்குலம். அம்மா அதைப் பார்த்துவிட்டு, நல்லாருக்கு, இதுக்குள்ள நாம ரெண்டு பேரும் நின்னு ஆடலாம் என்றாள். அப்புறம் அந்த ஒன்றை மட்டும் எலாஸ்டிக் வைத்துச் சுருக்கினோம், மேடையில் அந்தப் பெண் சுற்றியபோது அதற்குத்தான் கைதட்டல் அதிகம் என்று டான்ஸ் டீச்சர் சொன்னாராம். மீதி பதினொன்றையும் ஆறால் வகுத்து வெட்டினேன். தப்பில்லை, சரியாக வந்தது. உன் அம்மா கணக்கில் என்னைவிடக் கெட்டி என்று இத்தனை நாள் கழித்து ஒப்புக்கொள்கிறேன்.

இப்போது எப்படி இருக்கிறது என்று கேட்பாய். கத்தரி பிடிக்கிறாள், மிஷின் ஓட்டுகிறாள், வாரம் ஒரு நாள் பயிற்சிக்குப் போகிறாள். குடம் தூக்கக்கூடாது என்றால் தூக்குகிறாள், அதற்கு நீயும் ஒரு சத்தம் போடு. ஆனால் உள்ளங்கை முழுதாக மேல் நோக்கித் திரும்பவில்லை. மாத்திரையைக் கையில் கொட்டினால் உருண்டு கீழே விழுந்துவிடுகிறது. முக்கால்வாசிதான் வரும், மீதிக்கு ஒரு வருஷம் ஆகலாம், வராமலும் போகலாம் என்று டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டாள். அம்மாவும், யார்கிட்டயும் கையேந்தாம இருந்தாச் சரி என்று சொல்லிக்கொண்டு இடது கையில் மாத்திரை வாங்கிக்கொள்கிறாள்.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன் என்றால், போன வாரம் நீ கூப்பிட்டு, வேலை நிரந்தரமாகிவிட்டது, மலைப்பாதை வேலைக்கு மூன்று வருஷ ஒப்பந்தம் கொடுக்கிறார்கள், மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போடவேண்டும், முதல் ஒரு வருஷத்துக்கு லீவு கிடையாது, வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது என்றால்தான் போடுவேன் என்றாய். அம்மா போனை என் கையிலிருந்து வாங்கி, எல்லாம் நல்லா இருக்கு, போடு என்று சொல்லிவிட்டாள். பட்டறையில் தப்பான டிராயிங்கைக் கொடுத்து ஒருவனை வேலை செய்யச் சொன்னால் அதைவிடக் கேவலம் கிடையாது, செய்தவன் மேல் தப்பே இருக்காது, ஆனால் சாமான் வீணாகப் போயிருக்கும். நீ ஒரு தடவை சொன்னாய், நல்ல வளைவுன்னா அதோட ரேடியஸ் பெருசா இருக்கும், வண்டிக்குள்ள தூங்குறவங்களுக்கு வளைஞ்சதே தெரியாதுப்பா என்று. ரோட்டுக்கு அது சரி. குடும்பத்தில் அப்படி வளைத்துக் கொண்டுபோனால், கண் விழித்துப் பார்க்கும்போது எங்கே வந்திருக்கிறோம் என்றே தெரியாமல் போய்விடும். அந்தச் செவ்வாய்க்கிழமை நாங்கள் மறைத்தது உன் வேலைக்காக, அதற்கு வருத்தப்படவில்லை. ஆனால் மூன்று வருஷத்துக்கு உன்னை அப்படிக் கையெழுத்துப் போட வைக்க என்னால் முடியாது.

நீ திரும்பி வந்துவிடு என்று நான் எழுதவில்லை. நாங்கள் சமாளித்துவிட்டோம், சமாளிப்போம். உண்மையை வைத்துக்கொண்டு நீயே முடிவு செய், எதுவானாலும் எங்களுக்குச் சரி. இதை எழுதுகிறேன் என்று அம்மாவிடம் சொன்னதும் முதலில் ஒரு சண்டை வந்தது. சத்தியம் பண்ணிட்டு இப்படிச் செய்றீங்களே என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று காலையில் நான் எழுதிக்கொண்டிருந்தபோது பின்னால் வந்து நின்று படித்தாள். பாவாடைக் கணக்கில் நான் ரெண்டு நூல் என்று எழுதியிருந்தேன், ஒன்றரை என்று திருத்தச் சொன்னாள், திருத்தினேன். அந்த அழுத இடத்தை அடிக்கச் சொல்வாள் என்று நினைத்தேன், அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவள் சார்பாக ஏதாவது எழுதட்டுமா என்று கேட்டேன். மிஷினில் போய் உட்கார்ந்துவிட்டாள். நூல் கோத்தாள், இரண்டு தையல் ஓட்டினாள், நிறுத்தினாள். கையெழுத்துப் போடட்டும், நல்ல வேலை, விட வேண்டாம்னு எழுதுங்க என்றாள். எழுதிவிட்டேன், இதோ. கொஞ்ச நேரம் கழித்து மிஷின் சத்தத்துக்கு நடுவிலேயே, போடுறதுக்கு முன்னாடி ஒரு தடவை வந்துட்டுப் போகச் சொல்லுங்க, ஒரு வாரம் போதும் என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன், அவள் தலையைத் தூக்கவில்லை. நீ வெளிநாடு போய் ஆறு வருஷம் ஆகிறது, இந்த ஆறு வருஷத்தில் அவள் உன்னை வா என்று சொன்னதில்லை, செலவு, லீவு, அலைச்சல் என்று அவளே உனக்காகக் காரணம் சொல்லிவிடுவாள். இன்றைக்குச் சொல்லிவிட்டாள். அதனால் டிக்கெட்டைப் பார், பாப்பா.

உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, நீ கால் வைக்கிற இடமெல்லாம் நல்லதாக அமையட்டும், நீ போடுகிற ரோட்டில் போகிறவர்கள் பத்திரமாக வீடு போய்ச் சேரட்டும். கிளம்பும் முன் பாஸ்போர்ட் தேதி முடிந்திருக்கிறதா என்று மட்டும் இன்றைக்கே எடுத்துப் பார்.

ஆசிகளுடன்,
உன் அப்பா